ஏழாம் அத்தியாயம்: பெரும் பதிப்புக்கு மாறும் முறை

நிரல் எழுதுகிறவர் தம் கையால் எத்தனை ஆயிரம் வரிகள் எழுதியிருந்தபோதிலும், அவர் எழுதாத வரிகளின் மேல்தான் அந்த நிரலின் பெரும் பாரம் நிற்கிறது என்பதும், அவ்வரிகளை எழுதியவர்கள் தங்கள் அனுபவம் முதிர முதிர அவற்றைத் திருத்திக்கொண்டே வருகிறார்கள் என்பதும், இத்தொழிலில் சில காலம் பழகிய எவருக்கும் தெரிந்த விஷயங்கள். பிறர் எழுதிய லைப்ரரிகளைக் கொண்டு வேலை செய்வதில் உள்ள சௌகரியத்தோடு, அவை மாறும்போது நாமும் மாற வேண்டும் என்ற கடமையும் ஒட்டிக்கொண்டே வருகிறது. பதிப்பைக் குறிக்கும் மூன்று எண்களில் கடைசி எண் மாறினால் பிழைத் திருத்தம், நடு எண் மாறினால் புது வசதி, முதல் எண் மாறினால் பழைய பிரயோகங்கள் சில செல்லாமற்போகும் என்பது ‘செமான்டிக் வெர்ஷனிங்’ என்ற பெயரில் வழங்கும் பொது உடன்பாடு. எல்லா லைப்ரரிகளும் அதனை எழுத்துக்கு எழுத்து அனுசரிப்பதில்லையாயினும், முதல் எண் மாறும் சமயத்தில் ஜாக்கிரதை வேண்டும் என்பதில் அபிப்பிராய பேதம் இல்லை.

அந்த ஜாக்கிரதை எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால், சொல்வதெல்லாம் உண்மையாகவே தோன்றும். கையில் மட்டும் ஒன்றும் மிஞ்சாது. ஆகையால் இந்த அத்தியாயத்தில் ஒரே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு அதன் உட்புறம் வரை போய்ப் பார்ப்போம். பைதான் மொழியில் எழுதப்பட்ட நிரல்கள் தரவுத்தளங்களோடு பேசுவதற்குப் பெரிதும் கையாளும் எஸ்க்யூஎல்ஆல்கெமி என்னும் லைப்ரரி, தன் 1.4 பதிப்பிலிருந்து 2.0க்கு மாறியதே அந்த உதாரணம். உரத்த ஓசையோடு உடைவதைச் சரிசெய்வதற்குப் பொறுமை இருந்தால் போதும். ஓசையே இல்லாமல் உடைவதைக் கண்டுபிடிக்க ஒரு முறை வேண்டும். அந்த முறையைப் பழைய பதிப்பில் இருக்கும்போதே கையாண்டு முடித்துவிட்டால், பதிப்பை மாற்றும் நாளில் ஓர் எண்ணைத் தவிர மாற்றுவதற்கு எதுவும் மிச்சமிராது. இவ்வளவே இந்த அத்தியாயத்தின் சாரம்.

மாற்றத்தின் காரணத்தை முதலில் அறிக

புதிய பதிப்பு வந்ததும் எதை எதாக மாற்ற வேண்டும் என்ற அட்டவணையைத் தேடி ஓடுவது வழக்கம். அதற்கு முன், ஆசிரியர் ஏன் மாற்றினார் என்பதை அறிந்துகொள்பவருக்கு, அட்டவணையில் இல்லாத இடங்களிலும் எது உடையும் என்று ஊகிக்கும் சக்தி வந்துவிடுகிறது.

மைக் பேயர் தொடங்கிய எஸ்க்யூஎல்ஆல்கெமியின் முதல் வெளியீடு 2006இல் வந்தது, 1.4 பதிப்பு 2021 மார்ச்சிலும், 2.0 பதிப்பு 2023 ஜனவரி 26ஆம் தேதியும் வெளிவந்தன. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில், ஒரே காரியத்தைச் செய்வதற்குப் பல வழிகள் அந்த லைப்ரரிக்குள் சேர்ந்துவிட்டிருந்தன. கேள்வி ஒன்றைத் தரவுத்தளத்துக்கு அனுப்ப என்ஜினிடம் நேராகச் சொல்லலாம், கனெக்‌ஷனிடம் சொல்லலாம், செஷனிடம் சொல்லலாம், யாரிடமும் சொல்லாமல் கேள்வியையே இயங்கச் சொல்லவும் செய்யலாம். கேள்வியை அமைப்பதற்கும் ‘செலக்ட்’ என்று ஒரு பாணி, ‘கொயரி’ என்று வேறொரு பாணி. இவற்றையெல்லாம் ஒரே ஒழுங்கில் கொண்டுவருவதும், நிரல் எழுதுகிறவர் சொல்லாத காரியத்தை லைப்ரரி தானாக அனுமானித்துச் செய்வதை அறவே நிறுத்துவதும் 2.0இன் பிரதான நோக்கங்கள்.

இரண்டாவதாகச் சொன்ன நோக்கத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பைதானில் தரவுத்தள இணைப்பு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வகுத்த ‘பெப் 249’ என்னும் ஆவணத்தின்படி, எழுதியதை நிலைநிறுத்தக் ‘கமிட்’ என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இணைப்பை மூடினால் எழுதியது ரத்தாகிவிடும். பழைய எஸ்க்யூஎல்ஆல்கெமியோ, நாம் அனுப்பும் வாசகத்தின் முதற்சொல்லைப் பார்த்து, அது இன்சர்ட், அப்டேட், டெலீட், கிரியேட், டிராப், ஆல்டர் போன்றவற்றுள் ஒன்றாக இருந்தால் தானே கமிட் செய்து வந்தது. எஜமானர் கையெழுத்திட மறந்த கடிதங்களிலெல்லாம் தானே கையெழுத்திட்டு அனுப்பிவிடும் பழைய குமாஸ்தாவைப் போல. உள்ளே எதையேனும் எழுதும் ஒரு ஃபங்ஷனைச் ‘செலக்ட்’ என்று தொடங்கும் வாசகத்தால் அழைத்தால், இந்த அனுமானம் தவறிப் போய்க் கமிட் நடவாது. இப்படிச் சில சமயம் பலிப்பதும் சில சமயம் பொய்ப்பதுமான உபகாரத்தை எடுத்துவிடுவதே மேல் என்று ஆசிரியர் தீர்மானித்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த உபகாரத்தை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் உலகத்தில் நிறைய இருந்தன என்பதுதான் நமது பிரச்சினை.

உடைவின் மூன்று வகை

பதிப்பு மாற்றத்தால் வரும் உடைவுகளை, அவை எந்த இடத்தைச் சேர்ந்தவை என்பதைக் கொண்டு பிரிப்பதைவிட, அவை நமக்கு எப்போது தெரியவரும் என்பதைக் கொண்டு பிரிப்பதே பயனுள்ளது.

முதல் வகை, நிரல் கண் விழிக்கும்போதே தெரிவது. மெட்டாடேட்டாவை என்ஜினோடு பிணைத்து வைக்கும் பழைய வழக்கம் 2.0இல் இல்லை, அந்த வரியை எட்டியதுமே நிரல் நின்றுவிடும். மாடல் வகுப்புகளில் டைப் குறிப்புகளை 2.0 தன் முறையில் பொருள்கொள்வதால், அந்த முறைக்குப் பொருந்தாத குறிப்புகளைக் கொண்ட பழைய மாடல்களும் அதே விதமாகத் தொடக்கத்திலேயே பிழை காட்டும். இத்தகைய உடைவுகள் எத்தனை இருந்தாலும் கவலையில்லை. ஒருவரும் இவற்றைக் கவனியாமல் பயனர்களிடம் அனுப்பிவிட முடியாது.

இரண்டாம் வகை, அந்த வரி ஓடும்போது மட்டும் தெரிவது. என்ஜின் மீதே எக்ஸிக்யூட் என்று அழைப்பது, டெக்ஸ்ட் என்னும் உறை இல்லாத வெறும் வாசகத்தைக் கனெக்‌ஷனிடம் கொடுப்பது, செலக்ட்டுக்குள் பத்திகளைச் சதுர அடைப்புக்குறிக்குள் பட்டியலாக வைப்பது, கனெக்‌ஷனிலிருந்து கிடைத்த வரிசையை அகராதியாகப் பாவித்துப் பத்தியின் பெயரால் மதிப்பை எடுப்பது, உறவுகளை முன்கூட்டி ஏற்றச் சொல்லும் இடத்தில் உறவின் பெயரை வெறும் எழுத்துச் சரமாகக் கொடுப்பது ஆகியவை எல்லாம் இந்த வகை. தினம் ஓடும் வரியானால் அன்றே தெரிந்துவிடும். ஆண்டு முடிவில் ஒரு முறை ஓடும் கணக்கறிக்கையோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் அபூர்வமான வழியோ ஆனால், பதிப்பு மாறி எல்லோரும் மறந்த பிறகு ஒரு நாள் தெரியும்.

மூன்றாம் வகை, ஓடியும் தெரியாதது. பிழைச் செய்தி இல்லை, நிரல் நிற்பதில்லை, விளைவு மட்டும் வேறாகிவிடுகிறது. பாடுபட வேண்டியது இதற்காகத்தான்.

ஓசையின்றி உடைவன

எஸ்க்யூஎல்ஆல்கெமி மாற்றத்தில் இந்த மூன்றாம் வகையில் முக்கியமானவை மூன்று. அவற்றுள் தலையானது, மேலே சொன்ன தானியங்கிக் கமிட் நீக்கப்பட்டது. கடை ஒன்றின் விற்பனையைப் பதியும் நிரல், என்ஜினிலிருந்து கனெக்‌ஷன் ஒன்றைத் திறந்து, இன்சர்ட் வாசகத்தை அனுப்பி, கமிட் என்று சொல்லாமலே மூடிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1.4 வரையிலான பழைய பதிப்புகளில் அந்த விற்பனை பதிவாகும். 2.0இல் வாசகம் போகும், தரவுத்தளம் அதை ஏற்கும், கனெக்‌ஷன் மூடும்போது லைப்ரரி ரோல்பேக் செய்துவிட்டு அதைப் பொதுத் தொகுப்பில் திருப்பி வைக்கும். எங்கும் பிழை என்ற சொல்லே எழாது. இதில் மேலும் ஒரு விபரீதம் உண்டு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வரிசை எண் வழங்கும் சீக்வென்ஸ், டிரான்சாக்‌ஷன் ரத்தானாலும் பின்னோக்கிப் போவதில்லையாதலால், ரத்தாகப் போகிற வரிக்கும் முறையான ஓர் எண் கிடைத்துவிடுகிறது. நிரலும் அந்த எண்ணை அச்சிட்டு வாடிக்கையாளர் கையில் ரசீதாகக் கொடுத்துவிடக்கூடும். ரசீது இருக்கும், அதற்குரிய விற்பனை எந்த அட்டவணையிலும் இராது.

இதே மாற்றம் தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் வேறாகவும் முகம் காட்டும். அட்டவணை ஒன்றை உண்டாக்கும் கிரியேட் வாசகத்தை இவ்விதம் கமிட் இன்றி அனுப்பினால், மைஎஸ்க்யூஎல் அப்படிப்பட்ட வாசகங்களைத் தானே நிலைப்படுத்திவிடும் இயல்புடையதாதலால் அட்டவணை உண்டாகிவிடும். போஸ்ட்கிரெஸில் அதுவும் டிரான்சாக்‌ஷனுக்கு உட்பட்டதாகையால் மறைந்துவிடும். ஒன்றில் பரீட்சித்துவிட்டு மற்றொன்றில் ஓட்டுகிறவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கிடைத்த வரிசையில் ‘இன்’ என்னும் சொல்லால் செய்யும் சோதனை. கனெக்‌ஷன் தந்த பழைய வரிசைக்குள் ஒரு பெயர் இருக்கிறதா என்று கேட்டால், அப்பெயருள்ள பத்தி உண்டா என்பதற்கு விடை வந்தது. 2.0இல் வரிசை என்பது பெயரிட்ட டியூப்பிள். ஆகவே அதே கேள்விக்கு, அந்தச் சொல் மதிப்புகளுள் ஒன்றாக இருக்கிறதா என்பதற்கே விடை வரும். ‘தள்ளுபடி’ என்ற பத்தி இருந்தால் தள்ளுபடியைக் கணக்கிடு என்று எழுதியிருந்த நிரல், புதுப் பதிப்பில் எவருக்கும் தள்ளுபடி தராமல் அமைதியாக மேலே போய்விடும்.

மூன்றாவது, பின்னுறவு வழியாகப் பொருள்கள் செஷனுக்குள் நுழைவது. செஷனில் ஏற்கெனவே உள்ள வாடிக்கையாளரை, இன்னும் செஷனில் சேராத ஓர் ஆர்டரின் உரிமையாளராகக் குறித்தால், பழைய பதிப்பில் அந்த ஆர்டரும் பின்னுறவின் வழியே தானாகச் செஷனுக்குள் இழுக்கப்பட்டது. 2.0இல் அவ்வாறு இழுக்கப்படுவதில்லை. வெளிப்படையாக ‘ஆட்’ என்று சொல்லிச் சேர்க்க வேண்டும். சொல்லாவிட்டால் ஆர்டர் நினைவகத்தில் பிறந்து நினைவகத்திலேயே மறையும்.

மூன்றுக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு: லைப்ரரி முன்பு சொல்லாமல் செய்த உதவி இப்போது இல்லை. வேறு எந்த லைப்ரரியின் மாற்றக் குறிப்பை வாசிக்கும்போதும், ‘நீக்கப்பட்டது’ என்று எழுதிய இடங்களைவிட ‘இனித் தானாக நடவாது’, ‘இயல்பு மதிப்பு மாறியது’ என்று எழுதிய இடங்களின் கீழேதான் கோடு இட வேண்டும்.

பரிசோதனைகளைப் பரிசோதித்தல்

பதிப்பை உயர்த்துமுன் டெஸ்ட்டுகள் எழுத வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த மாதிரி டெஸ்ட் இந்த உடைவைக் காணும், எது காணாது என்பதுதான் அறியத்தக்கது. எழுதிய கனெக்‌ஷனிலிருந்தே திரும்ப வாசித்துப் பார்க்கும் டெஸ்ட், கமிட் ஆகாத தரவையும் தன் கண்ணால் காணுமாதலால், எல்லாம் சரி என்றே சொல்லும். வேகத்துக்காக ஒவ்வொரு டெஸ்ட்டையும் ஒரு பெரிய டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்து, முடிவில் முழுவதையும் ரோல்பேக் செய்யும் ஏற்பாடும் பல இடங்களில் உண்டு. உள்ளே நிரல் கமிட் செய்ததா இல்லையா என்பதே அந்த ஏற்பாட்டில் மறைந்துபோகிறது. மெய்யான தரவுத்தளத்தில், நிரலை அதன் போக்கில் எழுதவிட்டு, அதன் கனெக்‌ஷன் மூடிய பிறகு, முற்றிலும் வேறான கனெக்‌ஷன் ஒன்றைத் திறந்து வாசித்துப் பார்ப்பதே இந்த விஷயத்தில் நம்பத்தகுந்த டெஸ்ட். நிரலின் எழுதும் வழிகள் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒன்று இருந்தால் போதும். கமிட்டைப் பொறுத்தவரை வாசிக்கும் வழிகளுக்கு அவ்வளவு கவலை தேவையில்லை.

இதோடு ஓர் எளிய உபாயமும் உண்டு. என்ஜினை உண்டாக்கும்போது ‘எக்கோ’ என்னும் விருப்பத்தை இயக்கிவிட்டால், தரவுத்தளத்துக்குப் போகும் ஒவ்வொரு வாசகமும் பதிவேட்டில் விழும். எழுதும் வாசகம் ஒன்றின் பின்னால் கமிட் என்ற வரி வராமல் ரோல்பேக் என்ற வரி வந்திருந்தால், அங்கே குறை இருக்கிறது என்று கொள்க.

நடுப்படியில் நின்று வேலை செய்க

இந்த லைப்ரரியின் ஆசிரியர்கள் செய்த மிகச் சிறந்த காரியம், 1.4 பதிப்பையே இரு கரைகளுக்கும் நடுவிலான படியாக அமைத்ததுதான். அது பழைய பிரயோகங்களையும் ஏற்கும், புதியவற்றுள் பெரும்பாலானவற்றையும் ஏற்கும். கேட்டால், எந்தப் பழைய பிரயோகம் இனிச் செல்லாது என்று எச்சரிக்கவும் செய்யும். கேட்டால் என்று சொன்னது காரணத்தோடுதான். லைப்ரரியின் பெயரையும், ‘வார்ன்’ என்ற சொல்லையும், 20 என்ற எண்ணையும் அடிக்கோட்டால் இணைத்து, முழுதும் பெரிய எழுத்துகளில் அமைத்த சூழல் மாறியின் மதிப்பை 1 என்று வைத்தாலன்றி அந்த விரிவான எச்சரிக்கைகள் வெளிவருவதில்லை. அவை ‘டெப்ரிகேஷன்’ எச்சரிக்கைகள் என்னும் இனத்தைச் சேர்ந்தவையாதலால், முதன்மை நிரலுக்கு வெளியே எழும்போது பைதானும் இயல்பாக அவற்றை அடக்கிவிடும். ஆகவே பைதானை ஓட்டும்போது அந்த இனத்து எச்சரிக்கைகளை எப்போதும் காட்டு என்று ‘டபிள்யூ’ விருப்பத்தின் வழியே கட்டளையிட வேண்டும். பைடெஸ்ட் கொண்டு ஓட்டுகிறவர்களுக்கு அது தன் அறிக்கையின் முடிவில் அவற்றைத் தொகுத்துத் தரும்.

மேலே ஓசையின்றி உடைவன என்று சொன்ன மூன்றும், இந்த நடுப்படியில் எச்சரிக்கை மாறியை இயக்கி ஓட்டும்போது வாய் திறந்து பேசுகின்றன. தானியங்கிக் கமிட் நடக்கும் ஒவ்வொரு தடவையும், இது 2.0இல் நடவாது என்று எச்சரிக்கை எழும்; வரிசைக்குள் பெயரைத் தேடும் இடத்திலும், பின்னுறவு வழியே பொருள் நுழையும் இடத்திலும் அவ்வாறே. இந்த வாய்ப்பை விட்டுவிட்டு, பழைய 1.3இலிருந்து ஒரே தாவலில் 2.0க்குப் போகிறவர்கள், வழியில் நின்று எச்சரிக்கக்கூடிய ஒரே சாட்சியையும் இழந்துவிடுகிறார்கள். வேறு லைப்ரரியாயினும், பெரும் பதிப்புக்கு முந்திய கடைசிச் சிறு பதிப்புக்கு முதலில் போய், அது காட்டும் எச்சரிக்கைகள் எல்லாம் தீர்ந்த பிறகே அடுத்த அடி எடுத்துவைக்க வேண்டும் என்பது பெரும்பாலும் பொருந்தும் விதி.

ஆனால் ஒரு வரம்பையும் மறக்கலாகாது. எச்சரிக்கை எழுவது ஓடிய வரியிலிருந்துதான். ஓடாத வரி எதையும் சொல்லாது. இரவில் ஓடும் வேலைகள், நிர்வாகிகள் கையால் ஓட்டும் சிறு ஸ்கிரிப்டுகள், ஆண்டுக்கொரு முறை அறிக்கைகள் முதலியவற்றை, நிரலின் மூலத்தில் ‘என்ஜின்’, ‘கனெக்ட்’, ‘எக்ஸிக்யூட்’ என்ற சொற்களைத் தேடிக் கண்ணால் வாசித்துத்தான் தீர்க்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆயினும் ஒரு பிற்பகலில் முடியக்கூடிய இந்த வாசிப்பைத் தவிர்த்தவர்கள் பிறகு பல நாள் தேட வேண்டி வருவதுண்டு.

இரு பதிப்புக்கும் செல்லும் திருத்தம்

எச்சரிக்கைகளின் நீண்ட ஜாபிதா கைக்கு வந்ததும், தனிக் கிளை ஒன்றைத் திறந்து, எல்லாவற்றையும் திருத்தி, பல வாரங்கள் கழித்து ஒரேயடியாக இணைக்கலாம் என்று தோன்றும். அதற்குள் பிரதான கிளையில் மற்றவர்கள் பழைய பாணியிலேயே புது வரிகளைச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள்; இணைக்கும் நாளில் எந்தக் குறை எந்தத் திருத்தத்தால் வந்தது என்று பிரித்தறிய வகையிராது. அதைவிட, பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் ஒரேவிதமாகச் செல்லுபடியாகும் எழுத்துமுறையைத் தேடி, அதைக் கொண்டு சிறிது சிறிதாகத் திருத்தி, ஒவ்வொரு திருத்தத்தையும் பழைய பதிப்பின் மேலேயே பயனர்களிடம் அனுப்பிவிடுவது உத்தமம்.

உதாரணமாக, எழுதும் இடங்களில் ‘கமிட்’ என்ற மெத்தடைக் கனெக்‌ஷனிடம் அழைக்கலாம் என்று 2.0இன் புத்தகம் சொல்லும். ஆனால் 1.4இன் சாதாரணக் கனெக்‌ஷனுக்கு அந்த மெத்தட் கிடையாது. அதற்குப் பதிலாக, என்ஜினின் ‘பிகின்’ என்னும் தொகுதிக்குள் எழுத்து வேலையை வைத்தால், தொகுதி நல்லபடியாக முடியும்போது கமிட்டும் பிழை எழும்போது ரோல்பேக்கும் இரு பதிப்புகளிலும் தவறாமல் நடக்கும். ஆகவே திருத்தும்போது தேர்ந்துகொள்ள வேண்டியது ‘பிகின்’. அவ்விதமே, வரிசையின் மதிப்பைப் புள்ளி வைத்துப் பத்தியின் பெயரால் எடுப்பது, வாசகங்களை டெக்ஸ்ட் உறைக்குள் இடுவது, செலக்ட்டுக்குப் பத்திகளைப் பட்டியலாக அன்றித் தனித்தனியாகக் கொடுப்பது, உறவுகளை எழுத்துச் சரமாக அன்றி மாடலின் பண்பாகவே குறிப்பது ஆகிய யாவும் 1.4இலும் 2.0இலும் செல்லும்.

ஒரு வகைக் குறை முற்றும் தீர்ந்ததும், அந்த வகை எச்சரிக்கையை மட்டும் டெஸ்ட்டுகளில் பிழையாக மாற்றிவிட வேண்டும். பைதானின் எச்சரிக்கை வடிகட்டி, செய்தியின் வாசகத்தைக் கொண்டு இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்துக் கையாள இடம் தருகிறது. இதனால் தீர்த்த குறை, அதை அறியாத வேறொருவர் கையால் மறுபடியும் நுழைவது தடைப்படும்.

தொடாமல் விடவேண்டியவை

பதிப்பு மாறும் சமயத்தில், நிரலையே புதுமைப்படுத்திவிட வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. செஷனிடம் ‘கொயரி’ என்று கேட்கும் பழைய பாணி, 2.0இன் ஆவணங்களில் மரபு முறை என்று ஒதுக்கப்பட்டிருந்தாலும், நீக்கப்படவில்லை. முன்போலவே வேலை செய்யும். அந்தப் பாணியில் ஆயிரம் கேள்விகள் இருந்தால் ஆயிரத்தையும் செலக்ட்டாக மாற்றுவது இந்த மாற்றத்துக்கு அவசியமில்லாத உழைப்பு. அவசியமில்லாத ஒவ்வொரு திருத்தமும் புதிய பிழைக்கு ஓர் இடம். மாடல் வகுப்புகளைப் புதிய டைப் குறிப்பு முறையில் திருப்பி எழுதுவதும் இப்படியே. அதைப் பின்னால் நிதானமாகச் செய்யலாம். பழைய குறிப்புகள் பிழை எழுப்பினால், அடிப்படை வகுப்பில் ‘அலவ் அன்மேப்டு’ என்னும் குறியை இட்டுத் தற்காலத்துக்குச் சமாளிப்பதற்கு ஆசிரியர்களே வழி செய்திருக்கிறார்கள். கட்டாயம் மாற்ற வேண்டியது எது, மாற்றினால் அழகாயிருக்கும் என்பது எது என்று இரண்டு ஜாபிதாக்கள் வைத்துக்கொண்டு, இரண்டாவதை மூடி வைப்பதே இந்தக் கட்டத்தின் விவேகம்.

உடன் மாறும் லைப்ரரிகள்

ஒரு லைப்ரரி தனியாக மாறுவதில்லை. அதைச் சார்ந்த மற்ற லைப்ரரிகளும் கூடவே இழுபடும். தரவு ஆராய்ச்சிக்கு வழங்கும் பாண்டாஸின் 1.5 பதிப்பு, எஸ்க்யூஎல்ஆல்கெமி 2.0இன் என்ஜினைக் கொடுத்தால் தடுமாறும். 2023 ஏப்ரலில் வந்த பாண்டாஸ் 2.0தான் அதனோடு இணங்கிப் போகிறது. ஆனால் பாண்டாஸ் 2.0வும் ஒரு பெரும் பதிப்பு. டேட்டாஃபிரேமின் ‘அப்பெண்ட்’ மெத்தட் அதில் இல்லை. இரண்டையும் ஒரே நாளில் மாற்றி, மறுநாள் ஓர் அறிக்கையில் எண்கள் பிசகினால், குற்றம் எதனுடையது என்று எப்படி அறிவது? இங்கேயும் நடுப்படி உதவுகிறது. பாண்டாஸ் 2.0, எஸ்க்யூஎல்ஆல்கெமி 1.4உடனும் வேலை செய்யும். ஆகவே முதலில் பாண்டாஸை மட்டும் உயர்த்தி, சில நாள் ஓடவிட்டு, அதன் பிறகு எஸ்க்யூஎல்ஆல்கெமியை உயர்த்துவதே கிரமம். எஸ்க்யூஎல்ஆல்கெமியை ஃபிளாஸ்க் என்னும் வலைச் சட்டகத்தோடு இணைக்கும் லைப்ரரியையும் இவ்விதமே அதன் 3.0 வரிசைக்கு முன்கூட்டியே கொண்டுபோய்விடலாம். பைதானின் பதிப்பும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி: 1.4, பைதான் 2.7இலும் ஓடும், 2.0க்குக் குறைந்தது பைதான் 3.7 வேண்டும்.

இந்தச் சங்கிலியில் ஏதேனும் ஒரு லைப்ரரி இன்னும் தயாராகவில்லையென்றால், காத்திருப்பதில் குறைவொன்றும் இல்லை. வேலைகளை நேரத்துக்கு ஓட்டும் ஏர்ஃப்ளோ, 2.0 வெளிவந்த பின்னும் நெடுங்காலம் எஸ்க்யூஎல்ஆல்கெமியை 2.0க்குக் கீழேயே நிறுத்தி வைத்திருந்தது. தேவைப் பட்டியலில் லைப்ரரியின் பெயரை மட்டும் எழுதி, மேல்வரம்பு எழுதாமல் விடுகிறவர்களுக்கோ இந்தக் காத்திருக்கும் சுதந்திரம் இல்லை. 2023 ஜனவரி 26க்குப் பிறகு புதிதாக நிறுவிய ஒவ்வொரு கணினியிலும், கேளாமலே 2.0 வந்து இறங்கியிருக்கும்.

மாற்றும் நாள்

எச்சரிக்கைகள் தீர்ந்துவிட்டாலும் உடனே எண்ணை மாற்ற வேண்டியதில்லை. 1.4இலேயே, என்ஜினை உண்டாக்கும்போது ‘ஃப்யூச்சர்’ என்னும் கொடியை ஏற்றினால், அந்த என்ஜின் மட்டும் 2.0இன் நடத்தையை மேற்கொள்ளும். தானியங்கிக் கமிட் அதில் இராது. நிரலில் பல என்ஜின்கள் இருந்தால், வாசிக்க மட்டும் பயன்படுவதில் முதலிலும், எழுதுவதில் பிறகும் கொடியை ஏற்றலாம். அதன் பின் செஷனுக்கும் அதே கொடி உண்டு. இந்தக் கொடிகளோடு நிரல் பயனர்களிடம் ஒரு மாத முடிவையாவது கடந்து ஓடியிருந்தால், பதிப்பு எண்ணை மாற்றுவது வெறும் சடங்காகிவிடும்.

எண்ணை மாற்றும் அந்த வெளியீட்டில் வேறு எந்த மாற்றமும் இருக்கலாகாது. தரவுத்தளத்தின் அமைப்பையும் அதே நாளில் மாற்றினால், பின்வாங்க வேண்டிய சமயத்தில் வழி அடைபட்டுவிடும்; அமைப்பு பழையபடியே இருந்தால், பூட்டு கோப்பிலுள்ள எண்ணைத் திருப்பி வைத்துப் பழைய நிலைக்குச் சில நிமிஷங்களில் வந்துவிடலாம். ஆனால் திரும்ப வருவது நிரல்தான். இடையில் பதியாமற்போன வரிகள் திரும்ப வாரா. ஆதலால் வெளியிட்ட நாளில் பிழைப் பதிவேட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது போதாது. எந்தெந்த அட்டவணையில் சாதாரணமாக ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வரிகள் சேரும் என்பதை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு, வெளியிட்ட பின் அந்த வேகம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். சீக்வென்ஸின் எண் ஓடிக்கொண்டிருக்க, அட்டவணையில் வரிகள் அதற்கு ஈடாகச் சேரவில்லையென்றால், வழக்கத்துக்கு மேற்பட்ட ரோல்பேக்குகள் நடக்கின்றன என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

மாறிய பின்

புதிய பதிப்பு நிலைபெற்றதும், ஃப்யூச்சர் கொடிகளையும் எச்சரிக்கை மாறியையும் நிரலிலிருந்து எடுத்துவிடலாம், 2.0இல் அவற்றுக்கு வேலையில்லை. அலவ் அன்மேப்டு என்ற குறி எங்கே இடப்பட்டிருக்கிறது என்பதை இரண்டாம் ஜாபிதாவில் எழுதி, அந்த ஜாபிதாவை இப்போது திறந்து, ஒவ்வொன்றாகத் தீர்க்கத் தொடங்கலாம். தேவைப் பட்டியலில் மேல்வரம்பை 2.1க்குக் கீழ் என்று நிறுத்துவது நல்லது. இந்த லைப்ரரியில் நடு எண் மாறும்போதும் நடத்தை மாற வாய்ப்புண்டு. டெஸ்ட்டுகளில் டெப்ரிகேஷன் எச்சரிக்கைகளைப் பிழையாக்கும் வடிகட்டியை மட்டும் எடுத்துவிட வேண்டாம். அடுத்த பெரும் பதிப்புக்கான வேலை, அது வெளிவரும் நாளில் அன்றி, அதைப் பற்றிய முதல் எச்சரிக்கை எழும் நாளிலேயே தொடங்குவதற்கு அந்த ஒரு வரி போதும்.